பத்து சென்டிமீட்டர்

பதினொரு நாளும் நான்கு மணி நேரமும். அவ்வளவு காலம் இளையவள் அந்த ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்தே அக்கா அவளை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் பேச ஒன்றுமில்லாமல் பேசாமல் இருப்பது வேறு. தொண்டை வரை வந்து நிற்பதை விழுங்கி விழுங்கிப் பேசாமல் இருப்பது வேறு.

அது ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொடங்கியது.

இளையவள் இயற்பியல் படித்தவள். குழந்தைக் காப்பகங்களுக்கு உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் எட்டு மாதமாக வேலை. வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதுவரை கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவளை அன்றுதான் முதன்முதலாக வெளியே அனுப்பினார்கள், மூத்த ஆய்வாளரோடு போய்க் காப்பகங்களை அளந்து வர. மூத்த ஆய்வாளருக்கு அலுவலகத்தில் முழக்கோல் என்று பெயர். ஆள் நெடுநெடுவென்று இருப்பதாலா, பதினெட்டு வருடமாக அளந்துகொண்டே இருப்பதாலா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே அந்தப் பெயர் தெரியும் என்பதுதான் மற்ற யாருக்கும் தெரியாத விஷயம்.

"இந்த வேலைக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும்மா," என்றார் வண்டியில் ஏறும்போது. "தரையோட பரப்பை மூணால வகு. ஒரு குழந்தைக்கு மூணு சதுர மீட்டர். வர்ற எண்ணுல புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதைத் தூக்கிப் போடு."

"புள்ளி ஒன்பது வந்தாலுமா சார்?"

"புள்ளி ஒன்பது குழந்தையை நீ எங்கேயாச்சும் பார்த்திருக்கியா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. போன வருடம் வரை இரண்டரை சதுர மீட்டராக இருந்ததையும், எங்கோ ஒரு காப்பகத்தில் கால் வைக்க இடமில்லாமல் குழந்தைகளை அடைத்திருந்தபோது தீப்பிடித்ததையும், அதற்குப் பிறகுதான் மூன்று ஆனதையும் சொன்னார். "யாரும் சும்மா உக்காந்து சட்டம் எழுதலைம்மா," என்றார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. எண்ணுக்குப் பின்னால் காரணம் இருந்தால் அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

அலுவலகத்தின் அளவு நாடாவுக்கு நுனி இல்லை. என்றோ யார் காலிலோ மிதிபட்டு முதல் பத்து சென்டிமீட்டர் முறிந்து போயிருந்தது. புது நாடா கேட்டு எழுதிய கடிதம் மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். முறிந்த முனையைச் சுவரில் வைப்பது, வருகிற அளவில் பத்தைக் கழித்துக்கொள்வது. கருவியில் பிழை இருந்தால் அதைக் கழிக்க வேண்டும் என்பது கல்லூரி ஆய்வகத்தில் அவள் முதல் வாரமே படித்த பாடம்.

படிவங்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். படிவத்தின் முதல் வரி, 'இக்காப்பகத்தில் என் உறவினர் எவரும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' அன்றைக்குப் போக வேண்டிய ஐந்து இடங்களுக்கும் காலையிலேயே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவது வழக்கம். படிவத்தில் இருப்பது உரிம எண் மட்டும்தான். எந்த எண் எந்த வீடு என்று ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

வண்டி மூன்றாவதாக ஒரு ரோஜா நிறக் கேட்டின் முன் நின்றது. அக்காவின் மகள் பொம்மு இருக்கும் காப்பகம் அது.

'சார், இந்த ஒரு இடத்துக்கு மட்டும் வேற ஆளை வெச்சுக்குங்க.' ஒரே ஒரு வாக்கியம். மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்லிப் பார்ப்பதற்குள் முழக்கோல் இறங்கி மணியை அடித்துவிட்டார்.

காப்பகத்தம்மா கதவைத் திறந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "வாங்க சார், இப்பதான் ஒருத்தனுக்குக் கழுவி விட்டேன்," என்றாள். இளையவளை அவளுக்குத் தெரியாது. பொம்முவைக் கொண்டு வந்து விடுவதும் கூட்டிப் போவதும் அக்காதான்.

ஒரே பெரிய கூடம். சுவரோரம் சுருட்டி வைத்த பன்னிரண்டு பாய்கள். தாழ்வாக அடித்த கொக்கிகளில் பன்னிரண்டு பைகள். தரையில் பால் வாடையும் பினாயில் வாடையும் கலந்து கிடந்தது. இளையவள் நாடாவின் முறிந்த முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தினாள். முழக்கோல் மறு முனைக்கு நடந்தார்.

"சித்தி!"

இரண்டரை வயசுக்கு அந்தக் குரல் ரொம்பப் பெரிது. பொம்மு ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். முகத்தை முழங்காலில் தேய்த்தாள். மூக்கில் ஒழுகியது அவள் உடையில் ஒட்டியது.

"என்னம்மா, தெரிஞ்ச குழந்தையா?" என்றார் முழக்கோல் அந்தக் கோடியிலிருந்து.

"இல்ல சார்."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

"புதுசா யார் வந்தாலும் இவளுக்குச் சித்திதான்," என்று சிரித்தாள் காப்பகத்தம்மா. "நேத்து காஸ் போட வந்தவரைக் கூடச் சித்தின்னா. மனுசன் வெக்கப்பட்டு ஓடிட்டாரு."

இளையவள் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பொம்மு அழவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ மாதிரி இருக்கிற சித்தியை.

"எட்டு மீட்டர் அஞ்சு," என்றார் முழக்கோல்.

அவள் பத்தைக் கழித்தாள். ஏழு தொண்ணூற்றைந்து என்று எழுதினாள்.

"அகலம் நாலரை."

நான்கு நாற்பது.

பெருக்கினாள். முப்பத்து நான்கு புள்ளி ஒன்பது எட்டு. மூன்றால் வகுத்தாள். பதினொன்று புள்ளி ஆறு ஆறு. மறுபடி வகுத்தாள். அப்படியேதான் வந்தது. புள்ளிக்குப் பின்னால் இருந்ததைத் தூக்கிப் போட்டாள்.

"பதினொண்ணு," என்றாள்.

காப்பகத்தம்மாவின் முகம் வெளுத்தது. "பன்னிரண்டு புள்ளைங்க இருக்குதுங்க சார். சட்டம் மாறினப்பவே நான் அளந்து பார்த்தேனே. முப்பத்தாறு வந்துச்சே."

"எதை வெச்சு அளந்தீங்க?"

"தைக்கிற டேப்பு."

"ரவிக்கை தைக்கிற டேப்பை வெச்சுக் கட்டடம் அளந்தா அப்படித்தாம்மா வரும்," என்றார் முழக்கோல். எண்களை உரக்கச் சொன்ன கையோடு மறந்துவிடுவது அவர் வழக்கம். எழுதுவது எழுதுகிறவர் பொறுப்பு. "மூணு வேலை நாள் அவகாசம். ஒரு குழந்தையைக் குறைச்சிடுங்க. இல்லேன்னா உரிமமே போயிடும்."

கீழே இளையவள் கையெழுத்துப் போட்டாள். தன் வீட்டுக் குழந்தை இருக்கும் இடம் என்பதால் ஒரு புள்ளிகூட விட்டுக் கொடுக்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. கடைசியாகச் சேர்ந்த குழந்தையைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பதோ, கடைசியாகச் சேர்ந்தது பொம்முதான் என்பதோ அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அக்கா பொம்முவின் பையையும் சுருட்டிய பாயையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். பாயைத் தொப்பென்று போட்டாள்.

"நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாங்க."

"ஏன்க்கா?"

"இடம் பத்தலையாம். உங்க ஆபீஸ்லேர்ந்துதான்டி வந்து அளந்திருக்காங்க. ஒரு நெட்டையும் ஒரு குட்டையும் வந்தாங்களாம். அந்தக் குட்டச்சி வாயே திறக்கலையாம், எழுதி நீட்டிட்டுப் போயிட்டாளாம். யாருடி அது?"

"எங்க ஆபீஸ்ல நிறைய பேருக்கா."

"விசாரிச்சுச் சொல்லேன். கையில கால்ல விழுந்தாவது கேப்போம்."

"விசாரிக்கிறேன்," என்றாள் இளையவள். அதைச் சொன்ன நாக்கு அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் கண்ணாடி தேய்க்கிறவள். மாமா தொலைதூர லாரி. கிளம்பினால் வீடு திரும்ப மூன்று வாரம். பொம்மு பிறந்ததிலிருந்து அக்கா எடுத்த விடுப்பையெல்லாம் கடை மேலாளர் சுவரில் கோடு கிழித்து வைத்திருந்தார். புதன் ஒரு கோடு. வியாழன் இன்னொன்று. "இன்னும் ஒரு கோடு விழுந்துச்சுன்னா உன் நாற்காலியில வேற ஆள் உக்காந்திருக்கும்னுட்டார்," என்றாள் அக்கா. வெள்ளிக்கிழமை இளையவள் லீவு போட்டாள்.

அந்த மூன்று நாளும் அக்கா தொலைபேசியில் காப்பகம் தேடினாள். ஏழு இடம். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"அதிசயமா இருக்குடி," என்றாள். "எல்லா இடத்துலயும் இப்பதான் அளந்துட்டுப் போனாங்களாம். எல்லா இடத்துலயும் ஒண்ணு ரெண்டு அதிகமாம். ஊர்ல இருக்கற வீடெல்லாம் ஒரே வாரத்துல சுருங்கிடுச்சா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டாள். "மாடி வீட்டு அம்மா பாத்துக்கறேன்னுட்டாங்க. கவலையில்ல."

இளையவளுக்கு மூச்சு வந்தது. இனி அந்த விஷயத்தைச் சொல்லவே வேண்டியதில்லை என்றுகூட நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வேறொரு தெருவில், வேறொரு காப்பகத்தில், அவள் முனையைப் பிடித்திருந்தாள். முழக்கோல் குனிந்து பார்த்து, "நாலு இருபது," என்றார். பிறகு கண்ணைக் கசக்கினார். "கண்ணாடியை வண்டியிலேயே விட்டுட்டேன்மா. நீ வந்து ஒரு தடவை பாரு, நாலு இருபதுதானா?"

காப்பக ஆயாவிடம் முனையைக் கொடுத்துவிட்டு அவள் போய்ப் பார்த்தாள்.

"நாலு முப்பது சார்."

"அதான். பத்து போனா நாலு இருபது."

அவள் நாடாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். 

"சார், நீங்க... கழிச்சுட்டா சொல்றீங்க?"

"பின்னே? பதினெட்டு வருஷமா கழிச்சுத்தானே சொல்றேன்."

"நானும் கழிக்கிறேன் சார்."

கூடத்தில் ஒரு குழந்தை டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது. முழக்கோல் கையிலிருந்து நாடா நழுவிச் சரசரவென்று சுருண்டு ஓடிப் பெட்டிக்குள் புகுந்தது. அவர் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார். அது குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நிற்க, அவ்வளவு பெரிய மனிதர் அதில் மடங்கி இருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை வீடு?"

"பதினேழு சார்."

"எத்தனை புள்ளைங்க?"

அங்கேயே நின்றபடி அவள் குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிக் கணக்குப் போட்டாள். ரோஜா நிறக் கேட்டு வீடு முப்பத்தாறு புள்ளி இரண்டு இரண்டு. மூன்றால் வகுத்தால் பன்னிரண்டு, மிச்சமும் இருந்தது. காப்பகத்தம்மாவின் தையல் டேப்பு சரியாகத்தான் சொல்லியிருந்தது.

"பத்தொன்பது பேரை வெளியே அனுப்பியிருக்கோம் சார். அனுப்ப வேண்டியது நாலு பேரைத்தான்."

"பதினஞ்சு," என்றார் அவர். அதை அவர் வகுக்கவில்லை, எதையும் தூக்கிப் போடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு ரெண்டுன்னா எழுத்துப் பிழைன்னு திருத்திடலாம். இது மறு அளவீட்டுப் படிவம் எழுதாம ஆகாது. வீட்டுக்கு ஒண்ணு. அளந்தவர் யாரு, தப்பு எப்படி நடந்துச்சு, உறவினர் உண்டா, எல்லாம் உன் கையால எழுதணும். மேலே போனா கேள்வி வரும். எனக்கும்தான். நீ வேலையில ஒரு வருஷம்கூட முடிக்காதவ. உன்னை அனுப்பிட்டாலும் அனுப்பிடுவாங்க."

அவள் தலையாட்டினாள்.

"வீட்டுக்குப் போய் நிதானமா எழுது. நாளைக்குக் கொண்டா." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "என் மேலயும் தப்பு இருக்குன்னு எழுதும்மா. உரக்கச் சொன்னேனே தவிர கழிச்சுட்டேன்னு சொல்லலியே," என்றார்.

அலுவலகம் போய்ப் படிவங்களை வாங்கிக்கொண்டு வீட்டுப் படியேறும்போது மணி ஒன்று ஐம்பது. வாசலில் பூட்டு. சாவியைத் துழாவும்போது உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"பொம்மு! பொம்மும்மா! எங்கடி இருக்கே? அம்மாவைப் பாருடி!"

பூட்டிய வீட்டுக்குள் அக்கா. சாவி இரண்டு முறை துளையில் சேராமல் வழுக்கியது.

கதவு திறந்தது. அக்கா இல்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் வெளியிலிருந்து தாழ் போட்டு, தாழுக்கு மேல் கயிற்றையும் கட்டியிருந்தது. நாற்காலிகளைக் காணோம். ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. கூடத்து நடுவில் விரித்த பாயில் ஒரு தண்ணீர் பாட்டிலும், பிஸ்கெட் தூளும், தரையில் ஈரமும். பொம்மு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டு மூடிய எதையோ மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். குரல் துண்டுக்கு அடியிலிருந்து வந்தது.

பொம்மு வாயில் விரலை வைத்துக் காட்டினாள். "ஷ்ஷ். அம்மா தூங்குது."

இளையவள் துண்டை எடுத்தாள். மாமாவின் பழைய கைபேசி. கண்ணாடி விரிசலுக்குள் அக்காவின் முகம் பாதியாகவும் கால்வாசியாகவும் தெரிந்தது. அவள் ஏதோ பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் யாரோ அவளையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா. நான்தான். இங்கதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

திரையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கைபேசியை இளையவள் அப்போதுதான் எடுத்துப் பார்த்தாள். ஆய்வுக்குப் போகும்போது ஒலியை நிறுத்தி வைப்பது விதி. பதினான்கு அழைப்புகள் வந்திருந்தன.

மாடி வீட்டு அம்மா ஊருக்குப் போய் இரண்டு நாளாகியிருந்தது. எதிர் வீட்டில் கேட்டபோதுதான் இளையவளுக்கு அது தெரிந்தது. அக்கா சொன்னது பொய். அக்கா வழக்கமாகக் கிளம்பும் ஒன்பது நாற்பதுக்குக் கதவைப் பூட்டியிருந்தால், நான்கு மணி நேரம் பத்து நிமிடம். ஐம்பது சதுர மீட்டர் வீட்டில் ஒரே ஒரு குழந்தை. எந்தச் சட்டத்தின் கீழும் இதை அளக்கப் படிவம் இல்லை.

பொம்முவின் உடையை மாற்றினாள். பால் காய்ச்சிக் கொடுத்தாள். மடியில் போட்டுத் தட்டினாள். தூங்கும்போதும் குழந்தையின் கை துண்டை விடவில்லை. இளையவள் ஒரு கையாலேயே படிவத்தைத் தரையில் விரித்து எழுதத் தொடங்கினாள். ரோஜா நிறக் கேட்டு வீட்டின் படிவம் முதலில். ஏழாவது கட்டம், உறவினர் உண்டா. உண்டு. என்ன உறவு. தாயின் தங்கை. எழுதுவது ஒன்றும் கடினமாக இல்லை. காகிதம் திருப்பி எதுவும் கேட்காது.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் அக்கா உள்ளே நுழைந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. நேரே வந்து மடியில் கிடந்த குழந்தையின் தலை, வயிறு, உள்ளங்கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் வழுக்கி உட்கார்ந்தாள்.

"மெஷின்ல கண்ணாடி ஓடிட்டு இருக்கு, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். இனி அங்க போக முடியாது," என்றாள். "காலையிலேர்ந்து கண்ணை எடுக்காம பாத்துட்டுத்தான்டி இருந்தேன். பாட்டுப் பாடினா. பிஸ்கெட்டை எனக்கு ஊட்டினா. ஒரு மணி இருக்கும், திடீர்னு இருட்டாயிடுச்சு. என்னென்னமோ நினைச்சேன்டி. விழுந்துட்டா, மூச்சு அடைச்சிடுச்சு, எவனோ உள்ளே வந்துட்டான்..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"என்ன சொல்றது? உனக்கும் வேலை நிரந்தரமாகலை. உன் பொழைப்பையும் சேர்த்துக் கெடுக்கவா?"

இளையவள் குனிந்து படிவத்தைப் பார்த்தாள். எழுத்துகள் கலங்கின.

"காப்பகத்தம்மா ஃபோன்ல கணக்கு சொன்னாங்க," என்றாள் அக்கா. குரல் இறங்கி, தனக்குத்தானே பேசுவதுபோல ஆகியிருந்தது. "பதினொண்ணே முக்கால்கிட்ட வந்துச்சாம். கால் குழந்தை அளவுக்கு இடம் குறையுதாம். கால் குழந்தை! எவளோ ஒருத்தி குந்தி உக்காந்து அதை எழுதியிருக்கா பாரு. அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லடி. நேர்ல பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். எம்பொண்ணு அங்கதானே நின்னுட்டு இருந்தா, உன் கண்ணுல படவே இல்லியான்னு கேப்பேன்."

பேனா கையிலிருந்து விழுந்தது. இளையவள் அதை எடுக்கவில்லை.

"என் கண்ணுல பட்டாக்கா. சித்தின்னு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கிட்டா. யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டு, தப்புத் தப்பா அளந்தது நான்தான்."